மூன்றாம் வரிசையின் இருட்டுப் படங்கள்

கேமராவைக் கையில் வாங்கியதும் வினோலியா லென்ஸைத் தொடவில்லை. தலைகீழாகத் திருப்பி, அடித்தகட்டைக் கழற்றினாள். உள்ளே பேட்டரிக்குப் பக்கத்தில் வெள்ளையாக, பஞ்சு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, தலையணைக்குள்ள வச்சிருந்தீங்களா?"

எதிரே நின்றிருந்த பெண் சிரித்துவிட்டாள். "கோழி ரோமமுங்க. நான் கோழி டாக்டர்."

அவள் பெயர் பிரவீனா. புதுச்சத்திரத்துக்காரி. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நாமக்கல் சுற்றுவட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலம் ஜங்ஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து, சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்கு எதிர்ச் சந்தில் இருந்த இந்த ஒற்றை அறைக் கடைக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

வினோலியா அந்தக் கடையைப் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. கல்யாணமாகி சேலத்துக்கு வந்த பிறகும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்க மனம் வரவில்லை. கல்யாண போட்டோகிராபர்களின் கேமராக்கள்தான் அவளுக்கு அன்றாடச் சோறு. இந்த மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா எப்போதாவதுதான் வரும். வந்தால் அன்றைக்குச் சாப்பாடு தள்ளிப் போகும்.

"கோழிக்கு எதுக்குங்க இவ்வளவு நல்ல கேமரா?"

"சத்தத்துக்காகத்தானுங்க" என்றாள் பிரவீனா. "கோழி எப்படி நிக்குது, எப்படிக் கொத்துதுன்னு அதுக்குத் தெரியாம படம் எடுக்கோணும். பெரிய கேமராவுல உள்ள கண்ணாடி எழும்பி அடிக்கறப்ப ஒரு சத்தம் வருது பாருங்க, அதுக்கே கூண்டு மொத்தமும் படபடங்குது. இதுல பார்க்கற ஜன்னல் தனி, லென்ஸ் தனி, கண்ணாடியே இல்லை. மெதுவா ஒரு 'டிக்', அவ்வளவுதான். சென்னையில ஒருத்தர்கிட்ட பழசா வாங்கினேன்."

"சரி, என்ன பண்ணுது?"

"ரெண்டு தொந்தரவுங்க. ஒண்ணு, சில நேரம் அமுக்கினா எடுக்கறதே இல்லை. செத்த மாதிரி இருக்கும். ரெண்டாவது, எடுத்தாலும் பாதிப் படம் இருட்டா வருது. எல்லாப் படமும் இல்லீங்க. பத்துல நாலு. சென்னையில காட்டினேன். ஷட்டரையே மாத்தோணும், வெளிநாட்டுக்கு அனுப்போணும், மாசக்கணக்கா ஆகும்னுட்டாங்க."

முதல் தொந்தரவுக்கு வினோலியாவுக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. அந்த வகைக் கேமராவில் அடித்தகடு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு உள்ளே சின்னதாக ஒரு முனை உண்டு. தகடு அதைத் தொடாவிட்டால் கேமரா வேலை செய்யாது. அந்த முனையின் மேல் கோழிப் பண்ணைத் தூசி படிந்து கெட்டியாகியிருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து மூடினாள். அமுக்கினாள். டிக். உடனே ஷட்டரை அடுத்த படத்துக்குத் தயார் செய்யும் மோட்டாரின் சின்ன முனகல்.

"ஐய, இவ்வளவுதானா?" என்றாள் பிரவீனா.

இரண்டாவதுதான் இழுத்தது. வினோலியா லென்ஸைக் கழற்றி, ஷட்டரின் உலோக இதழ்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. வளைவு இல்லை. இந்த வகை ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை விலகி வழிவிடும், இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு வந்து மூடும். இடையில் உள்ள இடுக்கு வழியாகத்தான் வெளிச்சம் விழ வேண்டும். துரத்துகிற திரை முந்தினாலும், முதல் திரை ஒட்டிக்கொண்டு தாமதித்தாலும் படத்தில் ஒரு பக்கம் கறுப்பாகிவிடும். ஆகவே ஜன்னலோரமாக இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படம் எடுத்தாள். ஒன்றில் கூட இருட்டு இல்லை. கேமராவைச் சாய்த்து, கவிழ்த்து, லேசாகத் தட்டிக்கூட எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"அந்த முனையில அழுக்கு இருந்ததால கரண்ட் விட்டு விட்டு வந்திருக்கலாம். அதனாலதான் இதுவும்னு நெனைக்கிறேன். கொண்டு போய் எடுத்துப் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

சொல்லும்போதே அவளுக்கு அது ஊகம்தான் என்று தெரியும். ஆனாலும் சொன்னாள்.

மூன்று நாள் கழித்து பிரவீனா ஃபோன் செய்தாள். குரலில் கோபம் இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை.

"ஏனுங்க அக்கா, அமுக்கினா இப்ப ஒழுங்கா எடுக்குதுங்க. ஆனா இருட்டு அப்படியேதான் இருக்குது. இன்னைக்கு நாப்பது படத்துல பதினெட்டு போச்சு. பேசாம வெளிநாட்டுக்கே அனுப்பிடறேனுங்க."

"ரெண்டு நாள் பொறுங்க. அந்தப் படங்களை வாட்ஸ்அப்ல போடாம மெயில்ல முழுசா அனுப்புங்க. நான் பெரிய திரையில பார்க்கணும்."

படங்கள் வந்தன. கூண்டுகளில் வெள்ளைக் கோழிகள். சிலவற்றுக்குக் கழுத்தில் ரோமம் இல்லாமல் சிவந்த தோல் தெரிந்தது. வினோலியா கோழிகளைப் பார்க்கவில்லை, இருட்டின் ஓரத்தைப் பார்த்தாள். ஷட்டர் இதழ் மறைத்திருந்தால் அந்த ஓரம் கத்தியால் கீறின மாதிரி இருக்க வேண்டும். இங்கே அது ஈரத்துணியால் துடைத்த மாதிரி மெல்ல மெல்ல மங்கியிருந்தது. அதோடு, ஒரு படத்தில் மேல் பாதி இருட்டு, அடுத்ததில் கீழ்ப் பாதி, இன்னொன்றில் படமே மொத்தமாக இருட்டு. பழுதான இதழ் இப்படி இடம் மாற்றி இடம் மாற்றி விளையாடாது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள் ரசத்தைச் சாதத்தில் ஊற்றிவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் டோனி ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"உன் கடையில வந்தா பழுது இல்ல, அங்க போனா வருது. அப்படித்தானே?"

"ஆமா."

"எங்களுக்கு சிக்னல் பழுதுன்னு தகவல் வந்தா நாங்க ரூம்ல உக்காந்து பார்க்கறதில்ல வினோ. அந்த சிக்னல் கம்பம் எங்க இருக்கோ அங்க போவோம்."

"கோழிப் பண்ணைக்கா?"

"ஏன், கோழி கடிக்குமா?"

வியாழக்கிழமை காலையில் ராசிபுரம் வழியாகப் போகிற நாமக்கல் பஸ்ஸில் ஏறினாள். பையில் ஸ்க்ரூடிரைவர் பெட்டியோடு, கடையில் சோதனைக்காக வைத்திருந்த தன் சொந்தக் கேமராவையும் எடுத்துக்கொண்டாள். புதுச்சத்திரத்தில் பிரவீனா ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். பண்ணை அவள் அண்ணன் தனபாலுடையது என்பதைப் போகிற வழியில் சொன்னாள்.

"புதுசா மூடின ஷெட் போட்டிருக்காருங்க. வெயிலே உள்ள வராது. காத்தாடி, குளிர்ச்சிக்குத் தண்ணி ஊறுற அட்டை, விளக்கு எல்லாம் பெட்டிக்குள்ள பட்டன்தான். ஆனா ரெண்டு மாசமா கோழி ஒண்ணையொண்ணு கொத்திக்குது. தீவனத்தை மாத்தியாச்சு, உப்பு பார்த்தாச்சு, தண்ணி பார்த்தாச்சு. நான் ஒண்ணு சொல்லுவேன், அவர் ஒண்ணு சொல்லுவாரு. அதுக்குத்தான் படமே எடுக்க ஆரம்பிச்சது."

தனபால் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். உயரமான மனிதர். "வாங்க மேடம், வாங்க. கேமராவுக்கு டாக்டரம்மாவா? எங்க அம்மிணி கோழிக்கு டாக்டர். நடுவுல நான்தான் நோயாளி" என்று சிரித்தார். வினோலியாவுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் ஒரு நீல அங்கியும் கொடுத்தார்கள். மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நீண்ட கூடம். காத்தாடிகளின் இரைச்சல், அதற்கு அடியில் ஆயிரக்கணக்கான கோழிகளின் ஒரே முணுமுணுப்பு. மூன்று வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொரு வரிசைக்கும் மேலே தனித்தனியாக எல்.இ.டி. விளக்குகள். வெளிச்சம் மங்கலாக, மஞ்சளாக இருந்தது. கடைசி வரிசையில் ஒரு வயதான பெண் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க நின்னு எடுப்பீங்க?"

பிரவீனா அவளை நேராக மூன்றாம் வரிசைக்குக் கூட்டிப் போனாள். வினோலியா கேமராவை வாங்கி, பிரவீனா வைத்திருந்த அதே ஐந்நூறு வேகத்தில், அதாவது வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெளிச்சம் விழும்படி, இருபது படம் எடுத்தாள். ஒன்பதில் இருட்டு. அப்படியானால் பிரவீனாவின் கையில் குறை இல்லை. அடுத்து தன் பையிலிருந்த கேமராவை எடுத்து, அதையும் அதே வேகத்தில் வைத்து, அதே இடத்தில் நின்று இருபது படம் எடுத்தாள்.

எட்டில் இருட்டு.

வினோலியா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி பரவியது. பல நாள் தேடின சாவி சட்டைப் பையிலேயே இருந்தது தெரிந்தால் வருமே, அப்படி.

"பிரவீனா, இங்க பாருங்க. இது என் கேமரா. புதுசா ஷட்டர் மாத்தி ஆறு மாசம்தான் ஆகுது. இதுலயும் வருது."

"ரெண்டுக்கும் ஒரே நோயாங்க?"

"ரெண்டுக்கும் நோயே இல்ல." வினோலியா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். "முதல் வரிசையில என்னைக்காவது எடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்களே. தொந்தரவு இங்கதானே. கோழி கொத்திக்கறதெல்லாம் இந்த வரிசையிலதான் ஜாஸ்தி. அதனால..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வினோலியா முதல் வரிசைக்குப் போனாள். இருபது படம். எல்லாம் சுத்தம். இரண்டாம் வரிசை. சுத்தம். திரும்ப மூன்றுக்கு வந்து, கூடவே வந்திருந்த தனபாலிடம் அந்த வரிசையின் விளக்கை மட்டும் அணைக்கச் சொன்னாள். பக்கத்து வரிசையிலிருந்து கசிந்த வெளிச்சத்திலேயே எடுத்தாள். படம் மங்கல்தான், ஆனால் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மங்கல். பாதி இருட்டு ஒன்றில்கூட இல்லை. விளக்கைப் போடச் சொன்னாள். இருட்டு திரும்பி வந்தது.

"என்னங்க மேடம், என்ற லைட்டையா குத்தம் சொல்றீங்க?" தனபாலின் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. "நானே பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டதுங்க. நல்லாத்தானே எரியுது?"

"நம்ம கண்ணுக்கு நல்லாத்தாங்க எரியுது. ஆனா இது நிக்காம அணைஞ்சு அணைஞ்சு எரியுது. ஒரு வினாடிக்கு அம்பது தடவை இருக்கும்னு நெனைக்கிறேன். அவ்வளவு வேகமா இருக்கறதால நமக்கு ஒரே வெளிச்சமாத் தெரியுது. ஷட்டர் திறந்து மூடறது அதைவிட வேகம். விளக்கு எரியற நேரம் பார்த்துத் திறந்தா முழுப் படம். அணையற நேரத்துல மாட்டிக்கிட்டா பாதிப் படம்."

"அப்ப ஃபோன்ல எடுத்தா ஏன் தெரியலை?" என்று கேட்டார் தனபால்.

"மங்கல்ல ஃபோன் கொஞ்ச நேரம் கூடத் திறந்து வச்சு எடுக்கும். அணையறது எரியறது ரெண்டும் கலந்துடும். இதையே அம்பது வேகத்துல எடுத்தா இதுலயும் தெரியாது, பாருங்க." எடுத்துக் காட்டினாள். உண்மையாகவே முழுப் படம் வந்தது. கோழி தலையை ஆட்டின இடம் மட்டும் கலங்கியிருந்தது.

பிரவீனா அதுவரை கூண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றவள், மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, கோழிக் கண்ணு நம்ம கண்ணு மாதிரி இல்லை. வேகமாத் துடிக்கற வெளிச்சத்தை நம்மளவிட நல்லாப் பிரிச்சுப் பார்க்கும். நமக்கு ஒரே வெளிச்சமாத் தெரியறது அதுக்கு மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். இதுகளுக்கு விளக்கு எரியற நேரமெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கு."

"நீயும் சேர்ந்துக்கிட்டியா?" என்றார் தனபால். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். அவள் பெயர் சென்னம்மாள், பண்ணை தொடங்கின நாளிலிருந்து அங்கே வேலை செய்பவள்.

"ஏனுங்க சாமி, நான்தான் சொன்னேனே" என்றாள். "இந்த வரிசையில வேலை பார்த்தா மட்டும் நெத்தி வலிக்குதுன்னு. நெடி ஏறியிருக்கும், காத்தாடியைக் கூட்டி வெக்கறேன்னு சொன்னீங்க. கூட்டித்தான் வெச்சீங்க. வலி போவலை."

தனபால் அவளைப் பார்த்தார். பிறகு மேலே விளக்கைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "சொன்னீங்க ஆத்தா. சொல்லத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் ஏறலை" என்றவர், ஃபோனை எடுத்து எலக்ட்ரீசியன் குழந்தைவேலைக் கூப்பிட்டார்.

குழந்தைவேல் பக்கத்து ஊர்தான், அரைமணியில் வந்துவிட்டார். முதலில் மூன்றாம் வரிசை விளக்கு ஒன்றைக் கழற்றி முதல் வரிசையில் மாட்டச் சொன்னாள் வினோலியா. அங்கே அது ஒழுங்காக எரிந்தது, படமும் முழுசாக வந்தது. முதல் வரிசை விளக்கை இங்கே மாட்டினால் பாதி இருட்டு. ஆக, விளக்கில் குறை இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக இருந்தது. குழந்தைவேல் மூன்றாவது பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பக்கம் கருகிப் போச்சுங்க. பாதி கரண்ட்டுதான் உள்ள போவுது. ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு. கேமராக்காரம்மா சொன்னது சரிதானுங்க."

"எப்பக் கருகியிருக்கும்?" என்றார் தனபால்.

"அதெப்படிங்க சொல்ல முடியும்? மழைக்கு முந்தி ஒருக்கா கரண்ட் ஏறி மோட்டார் காயில் போச்சே, அன்னைக்கா இருக்கலாம்."

தனபால் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். கோழிகள் கொத்த ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான். இன்னொன்றும் அவருக்கு அப்போது உறைத்தது. கோழிகள் அமைதியாகட்டும் என்று அவர்தான் அந்த வரிசையின் வெளிச்சத்தை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்; குறைக்கக் குறைக்க விளக்கு அணைந்திருக்கும் நேரம்தான் கூடியிருக்கும். அதை அவரே வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்லது பண்றேன்னு பண்ணியிருக்கேன் பாரு அம்மிணி" என்று தங்கையிடம் சிரிக்கப் பார்த்தார். பிரவீனா அவர் முழங்கையைத் தட்டினாள்.

குழந்தைவேல் மூன்றாம் வரிசையைத் தற்காலிகமாக இரண்டாவது பெட்டியோடு இணைத்தார். வினோலியா மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். டிக், டிக் என்று முப்பது படம். ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளிப் பார்த்தார்கள். முப்பதும் முழுசு. முப்பதாவது படத்தில் ஒரு கோழி நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரவீனாவுக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. வினோலியாவுக்கும் ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்குக் கடையில ஊகமா ஒண்ணைச் சொல்லி அனுப்பிட்டேன். அது தப்புதாங்க" என்றாள் வினோலியா. "தெரியலைன்னு சொல்லியிருக்கணும்."

"விடுங்க அக்கா. நான் ரெண்டு மாசமா தீவனத்தையே முகர்ந்து பார்த்துட்டிருந்தேன்."

பண்ணை வீட்டில் சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார் தனபால். முட்டைக் குழம்பும் பச்சைப்பயறுப் பொரியலும். சாப்பிடும்போது அண்ணனும் தங்கையும் தீவனத்தை மாற்றியது வீண்தானா இல்லையா என்று விவாதம் செய்துகொண்டே இருந்தார்கள். வினோலியா இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராசிபுரம் வருவதற்குள் தூங்கிப்போய், சேலத்தில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

அடுத்த வாரத்தில் புதுப் பெட்டி பொருத்தினார்கள். சென்னம்மாளுக்கு நான்காம் நாளே நெற்றி வலி விட்டுவிட்டது. கோழிகளுக்கு அவ்வளவு சீக்கிரம் ஆகவில்லை. கொத்துவது முதலில் குறையவே இல்லை. பழகிப்போன பழக்கம், உடனே விடாது என்று பிரவீனா சொன்னாள். பத்தாம் நாளுக்கு மேல் மெல்லக் குறைந்தது. முட்டை எண்ணிக்கையும் மற்ற வரிசைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "வெளிச்சம் மட்டும்தான் காரணம்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேனுங்க, தீவனமும் இப்பத்தான் சரியாயிருக்கு" என்று அவள் ஃபோனில் சொன்னபோது, பின்னாலிருந்து தனபாலின் குரல் கேட்டது: "வெளிச்சந்தான் மேடம், வெளிச்சந்தான்!"

அவர் சொன்னதைக் கேட்டு எருமப்பட்டிப் பக்கம் இன்னொரு பண்ணைக்காரர், தன் ஷெட்டையும் கேமரா வைத்துப் பார்த்துத் தர முடியுமா என்று வினோலியாவைக் கேட்டார். திங்கட்கிழமை வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஃபோன் மணி அடித்தது. பிரவீனாவிடமிருந்து ஒரு படம். ஐந்நூறு வேகத்தில் எடுத்தது என்று கீழே எழுதியிருந்தாள். ஒரு கோழியின் கழுத்து. சிவந்த தோலெல்லாம் முள் முள்ளாகப் புது ரோமம் முளைத்திருந்தது. சிலவற்றின் நுனியில் வெள்ளை விரியத் தொடங்கியிருந்தது.

வினோலியா அதை விரலால் பெரிதாக்கினாள். ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரிந்தது. டோனியின் பக்கம் ஃபோனை நீட்டினாள்.

"என்ன வினோ இது, கள்ளிச்செடியா?"

"கோழி" என்றாள் அவள். "நல்லாப் பாரு."

அவன் கண்ணைச் சுருக்கி நன்றாகவே பார்த்தான்.